லிங்க்கை அழுத்தியவர் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் பிளகின்கள் (கூடுதல் வசதி சேர்க்கும் இணைப்புகள்) பற்றிச் சென்ற இதழில் வந்த பாதுகாப்புக் கட்டுரையில், சிஎஸ்ஆர்எஃப் பற்றி, அதாவது லாகின் ஆகியிருப்பவரின் பிரவுசரை ஏமாற்றி அவர் பெயரிலேயே கோரிக்கை அனுப்பவைக்கும் தாக்குதல் பற்றி, ஒரே ஒரு வரி: "அட்மினே லிங்க்கை அழுத்தினால்தான் நடக்கும், எனவே பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்." இதை உங்கள் பத்திரிகையிலா படிக்க வேண்டும் என்று மனம் வலித்தது.

மெயிலில் வரும் லிங்க்கைத் திறக்காமல் எந்த அட்மினால் வேலை பார்க்க முடியும்? உங்களுக்குத் தெரியாததல்ல: லாகின் ஆகியிருக்கும் தளத்துக்கு வேறொரு பக்கம் கோரிக்கை அனுப்பினாலும், லாகின் ஆனவர் யார் என்று காட்டும் குக்கியையும் பிரவுசர் சேர்த்தே அனுப்பிவிடும். குரோம் 2020 முதல் இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது, சரி. ஆனால் லிங்க் முகவரியிலேயே அமைப்பை மாற்றவிடும் பிளகினை அது காப்பாற்றாது.

நான் பராமரிக்கும் ஒரு தளத்தில் நடந்தது இதுதான். தொடர்புப் படிவத்தின் செய்திகள் வருவது நின்றுபோனது. செட்டிங்ஸைத் திறந்தால், பெறுநர் கட்டத்தில் யாரோ முன்பின் தெரியாதவரின் மெயில் முகவரி. லாகின் பதிவில் வெளியாள் யாருமில்லை, தளத்தைக் கவனித்துவந்த பெண்ணின் பெயர் மட்டும். எல்லோரும் அவரைத்தான் சந்தேகித்தார்கள். பிளகினின் சேமிக்கும் ஃபங்ஷனில் நான்ஸை, அதாவது கோரிக்கை தளத்தின் சொந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறியீட்டை, சரிபார்க்கும் வரியே இல்லை என்று நான் எடுத்துக் காட்டும்வரை அவர் கூனிக் குறுகி நின்றார். பிளகின் எழுதியவரோ, "அட்மின்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்று பதில் போட்டார். உங்கள் கட்டுரையும் அதையேதான் சொல்கிறது.

வேர்ட்பிரஸ் இந்த நான்ஸை 2006-லேயே கொடுத்துவிட்டது. இருந்தும் 2020-இல், தளத்தில் சிறு நிரல் துண்டுகளைச் சேர்க்க உதவும் கோட் ஸ்னிப்பெட்ஸ் பிளகினின் இம்போர்ட் பகுதியில் இந்தச் சோதனை விட்டுப்போயிருந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. அட்மினை ஒரு பக்கத்தைத் திறக்க வைத்தால் போதும், தாக்குபவர் தளத்தில் எந்த நிரலையும் ஓட்டியிருக்கலாம். அப்போதும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. மாதாமாதம் வரும் பிளகின் அறிமுகத்தில் நட்சத்திரங்களும் இன்ஸ்டால் கணக்கும்தான். எத்தனை பேர் நிறுவினார்கள் என்பது பாதுகாப்புக்கு எப்படிச் சான்றாகும்?

பல வருட வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், பிளகின் அறிமுகத்தில் அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்