பாகு பூத்த பாட்டில்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. கோவில்பட்டியில் இன்னும் ஒரு மழைகூடப் பெய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் காட்டிய பாட்டில்தான் நாலு நாளாக என் கண்ணுக்குள் நிற்கிறது. ஐஸ் காபிக்காக ஏலக்காய் போட்டு நீயே காய்ச்சிய சிரப், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்கண்டு மாதிரி உறைந்து கிடந்தது. "எனக்கு இது வராதுப்பா, பேசாம கடையிலயே வாங்கிக்கிறேன்" என்றாய். 32 வருஷம் மிட்டாய்க் கடையில் பாகுக் கடாய் முன்னால் நின்றவன் மகள் அப்படிச் சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதி உன் மெல்போர்ன் டிராம் சத்தத்தில் போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பு பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்.

முதலில், அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடாதே. ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதற்குள் பாட்டிலை நிறுத்து. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்று. சில்லிட்ட கண்ணாடியை நேராக வெந்நீரில் வைத்தால் விரிசல் விடும். கட்டி கரைந்ததும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கு. சரியாகிவிடும். எங்கள் தொழிலில் இதைப் பாகு பூத்துவிட்டது என்போம். பூத்த பாகைக் கரைத்துத் திரும்பக் கொண்டுவருவது எங்களுக்குத் தினப்படி வேலை.

ஏன் பூத்தது என்றால், நீ சொன்ன கணக்கிலேயே காரணம் இருக்கிறது. 200 கிராம் தண்ணீருக்கு 400 கிராம் சீனி, 15 நிமிஷம் கொதி. சாதாரண அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத்தான் தாங்கும். நீ ஆரம்பிக்கும்போதே வரப்பின் ஓரத்தில் நின்றுவிட்டாய். அதற்கு மேல் 15 நிமிஷம் கொதித்ததில் தண்ணீர் ஆவியாகப் போக, சீனி அப்படியே இருந்தது. பிறகு அதை ஃபிரிட்ஜில் வைத்தாய். குளிரக் குளிரத் தண்ணீரின் தாங்கும் சக்தி குறையும். தாங்க முடியாததை அது அடியில் இறக்கிவைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. கொதிக்கும்போது கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்ததாகச் சொன்னாய். இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். கடையில் சேர்ந்த புதிது, எனக்கு 17 வயது. ஜாங்கிரிக்கு 10 கிலோ சீனியில் பாகு ஏற்றியிருந்தது. அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் விடாமல் கிண்டினேன். இறக்கிவைத்துக் கொஞ்ச நேரத்தில் மொத்தமும் மணல் மாதிரி ஆகிவிட்டது. சரக்கு மாஸ்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, சாரணிக் கரண்டியில் சுற்றி, கடாயின் உள்பக்க ஓரத்தைச் சுற்றித் துடைத்துக் காட்டினார். "ஓரத்துல ஒரு சீனி மணி ஒட்டியிருந்தாப் போதும்டா, மொத்தக் கடாயும் அதைப் பார்த்துப் படிச்சுக்கும்" என்றார். இதைவிடத் தெளிவாக இன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சீனி கரையும்வரை கிண்டு. கரைந்து தெளிந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிடு. ஓரத்தில் மணி தெரிந்தால் ஈரத்துணியாலோ பிரஷ்ஷாலோ துடை. கொதி வந்ததும் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடு. புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பங்கை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரித்துவிடும். அவை நடுவில் நிற்கும்போது சீனி மணிகள் ஒன்றோடொன்று கைகோக்க முடியாது.

காபிக்கு நீ எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு ஒன்றுக்கு ஒன்றரை. 200 கிராம் தண்ணீர், 300 கிராம் சீனி. உன்னிடம் காபித்தூள் நிறுக்கிற தராசு இருக்கிறதே, அதிலேயே நிறுத்துக்கொள். டம்ளர் கணக்கு வேண்டாம். அங்கே நீ வாங்குவது பொடிச்சீனி, இங்கே நாம் வாங்குவது பருமணி. ஒரே டம்ளரில் எடை வேறுபடும். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இரண்டே நிமிஷம், பிறகு அடுப்பை அணை. கிட்டத்தட்ட 380 மில்லி வரும். இந்த அளவில் ஃபிரிட்ஜில் பூக்காது. சமமாக எடுத்துக் காய்ச்சினாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் அதிகமாக இருப்பதால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

இங்கே பதமே வேண்டாம், பாப்பா. இதைச் சொல்ல எனக்கே கை தயங்குகிறது. ஒற்றைக் கம்பி வந்தால் 105 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று அர்த்தம். அது ஜாங்கிரிக்கு. கடலை மிட்டாய்க்கு இன்னும் முற்ற வேண்டும், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உறைந்து, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். காபிக்கோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டுப் பார்த்தால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், நூல் எழும்பக் கூடாது. சூடாக இருக்கும்போது தண்ணீராகத் தெரிகிறதே என்று மறுபடி அடுப்பை ஏற்றிவிடாதே. ஆறினால் தானே கெட்டிப்படும். நீ குடிப்பது ஐஸ் காபி. ஐஸில் வெறும் சீனி கரையாமல் அடியில் நிற்கும் என்பதற்காகத்தானே பாகு கேட்கிறாய்? அது ஓட வேண்டும்.

இனி மணத்துக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான். சீனியை நெருப்பில் வை, மணத்தை நெருப்புக்கு வெளியே வை. நீ ஏலக்காயை முதலிலேயே போட்டு 15 நிமிஷம் கொதிக்கவிட்டாய். உன் வீடு முழுக்க மணத்திருக்கும். வீட்டில் மணத்தது எதுவும் பாட்டிலுக்குள் இல்லை. ஆவியோடு போய்விட்டது. போடி பக்கமிருந்து நல்ல பச்சை ஏலக்காய் வந்தால் மாஸ்டர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி உள்ளே பார்ப்பார். விதை கறுப்பாக, லேசாகப் பிசுபிசுவென்று இருந்தால் சரக்கு நல்லது. வெளுத்து உலர்ந்திருந்தால் தோல்தான் பச்சை, மணம் போய்விட்டது. நீயும் அப்படிப் பார்த்து வாங்கு. 12 காய் எடுத்து, ஒரு ஸ்பூன் சீனியோடு தோலும் விதையுமாக இடி. அடுப்பை அணைத்த பிறகு அதைப் பாகில் போட்டு உடனே மூடு. மூடியில் கோத்து நிற்கும் நீரையும் உள்ளேயே சொட்டவிடு, அதில் மணம் இருக்கிறது. நன்றாக ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டு.

பட்டை வேறு மாதிரி. அது மரத்தின் தோல், சும்மா ஊறினால் இறங்காது. தண்ணீரில் 10 நிமிஷம் கொதித்த பிறகு அந்தத் தண்ணீரை அளந்து, குறைந்ததை ஈடுகட்டி, சீனி போடு. சிலோன் பட்டை என்று மெல்லிய சுருளாக, கையால் நொறுக்க வருகிற பட்டை கிடைத்தால் அதை வாங்கு. கெட்டியான பட்டை பிரியாணிக்கு நல்லது, காபியில் காரமாக நிற்கும்.

வெனிலாவுக்கு என்ன விலை என்று நீ சொன்னபோது அம்மா இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். விலைக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பூவுக்கு மகரந்தம் மனிதன் கையால் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக. அதுவும் பூ மலர்ந்த அன்றைக்கே. அந்த வித்தையைச் சுலபமாகச் செய்யக் கண்டுபிடித்தவன் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற சிறுவன். 1841-இல், 12 வயதில். இன்றைக்கும் தோட்டங்களில் அவன் கை அசைந்த மாதிரியேதான் கைகள் அசைகின்றன. ஒரு காய் வாங்கினால் நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கிற கறுப்பு மணியை வழித்துப் பாகில் போடு, தோலையும் போடு. பாகு தீர்ந்த பிறகு அந்தத் தோலைக் காயவைத்துச் சீனி டப்பாவில் புதைத்துவை.

ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு உறவுக்காரன் இருக்கிறான். நன்னாரி. உன் தம்பி வேதியியல் படிக்கும்போது ஒருநாள் ஓடிவந்து சொன்னான்: வெனிலாவுக்கு மணம் தருகிற வெனிலினும் நன்னாரி வேருக்கு மணம் தருகிற பொருளும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, அடுக்கு மட்டும்தான் வேறு. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்ட் வண்டியில் நீ குடிக்கிற சர்பத்தை மோந்துகொண்டே நிற்பாயே, அந்த வாசனை அது. பால் சர்பத் உனக்குப் பிடிக்கும். குளிர்ந்த பாலில் நன்னாரிப் பாகு சேரும் என்றால், ஐஸ் போட்ட பால் காபியிலும் சேரும். நான் போன வாரம் செய்து பார்த்துவிட்டேன். டிகாஷனின் கசப்புக்குப் பின்னால் மண்வாசனை மாதிரி மெதுவாக வருகிறது. எனக்கு ஏலக்காயைவிட இது பிடித்திருக்கிறது.

வேரை நாங்கள் அனுப்பினால் அங்கே சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். உன் ஊரில் டாண்டினாங் பக்கத்து நம்மூர்க் கடைகளில் உலர்ந்த வேர் கிடைத்தால் 50 கிராம் வாங்கு. உடைத்து மோந்து பார், மணம் மூக்கில் ஏற வேண்டும். நன்றாகக் கழுவி, அம்மிக்குப் பதில் இடிகல்லில் தட்டு. தோல் தனியாக, நடுவில் வெள்ளைக் குச்சி தனியாகக் கழன்று வரும். மணம் முழுக்கத் தோலில்தான். குச்சியைத் தூக்கிப் போட்டுவிடு. தோலை அரை லிட்டர் வெந்நீரில் மூடி இரவு முழுக்க ஊறவிடு. காலையில் மூடியபடியே சிறுதீயில் 10 நிமிஷம், ஆறவிட்டு வடிகட்டி, எடைக்கு ஒன்றரை மடங்கு சீனி. தேன் நிறத்தில் வரும். கடையில் சிவப்பாகக் கிடைப்பது சாயம்.

கருப்பட்டிப் பாகில் பால் திரிந்துவிட்டது என்றாயே, அது உன் பாலின் குற்றமில்லை. கருப்பட்டி, வெல்லம் இரண்டிலும் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் விழுந்தால் திரிக்கும். கப்பின் அடியில் பாகை ஊற்று, அதன்மேல் காபியை ஊற்றிக் கலக்கு, கடைசியில் கொதி அடங்கிய பால். ஐஸ் காபியில் இந்தத் தொல்லையே இல்லை. கருப்பட்டியை இடித்து, எடையில் பாதி தண்ணீர் விட்டுக் கரைத்து, அடுப்பில் வைக்குமுன் ஒருதடவை, கொதித்த பிறகு ஒருதடவை வடிகட்டு. உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தாலும் அடியில் மண்ணும் சுண்ணாம்பும் கொஞ்சம் நிற்கும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு அது. கடைசியில் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போதும். வேறு எந்த மணமும் அதற்கு வேண்டாம். அதற்கே ஒரு மணம் இருக்கிறது.

கேரமல் மட்டும் தனியாக இருக்கும்போது செய்யாதே. வீட்டுத்தோழி யாராவது பக்கத்தில் இருக்கட்டும். என் இடது மணிக்கட்டில் இருக்கிற வெள்ளைத் தழும்பைச் சின்ன வயதில் தடவிப் பார்ப்பாயே, அது சீனி பட்ட இடம். எண்ணெய் பட்டால் வழிந்து ஓடும், சீனி ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். 200 கிராம் சீனியை 50 கிராம் தண்ணீரில் நனைத்து, அடி கனத்த பாத்திரத்தில், கிண்டாமல் பாத்திரத்தை மட்டும் சுழற்றிக் காய்ச்சு. தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறம் வந்ததும் அணைத்துவிடு. அதன் பிறகு ஒரு நொடியில் கருகும். 150 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தை விலக்கிக்கொண்டு ஊற்று. சீறும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகச் சீறும். கட்டி விழுந்தால் பயப்படாதே, சிறுதீயில் கரையும். ஒரு சிட்டிகை உப்பு. தப்பித்தவறிக் கையில் பட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடி, ஐஸ் வேண்டாம், வேறு எதையும் தடவாதே.

பாட்டிலை 10 நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து, தலைகீழாக நிறுத்தி முழுசாக உலர்த்து. ஈர ஸ்பூன் உள்ளே போகக் கூடாது. எங்கள் கடையில் பாகு வாளிப் பக்கம் ஈரக்கையோடு யாரும் போக முடியாது. ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு. மேலே ஏடு மாதிரி ஏதாவது மிதந்தால், மூடியைத் திறக்கும்போது புளித்த வாடை வந்தால், யோசிக்காமல் கொட்டு.

ஒரு கப்புக்கு 15 மில்லி போட்டுப் பார். இனிப்புப் பத்தவில்லை என்றால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். மிச்சப் பாகைக் காய்ந்த கேக்கில் தெளி, பிரெட்டை நெய்யில் வறுத்து அதில் முக்கியெடு, பழம் நறுக்கி மேலே ஊற்று. நீ அன்றைக்குச் செய்த குலாப் ஜாமூன் உள்ளே ஊறவில்லை என்றாயே, அதற்கும் இந்த அளவுப் பாகுதான். உருண்டையும் சூடு, பாகும் சூடாக இருந்தால் அது உள்ளே இழுக்காமல் உடையும். உருண்டை சூடாக, பாகு வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

சனிக்கிழமை உனக்கு லீவுதானே? ஏலக்காயில் ஆரம்பி. காய்ச்சும்போது வீடியோவைப் போட்டுப் பக்கத்தில் வை, நான் பேச மாட்டேன், கொதியை மட்டும் பார்க்கிறேன். நீ விரலில் தொட்டுக் காட்டு, போதுமா போதாதா என்று சொல்கிறேன். அம்மா உன் கையால் போட்ட காபி ஒரு கப் அவளுக்கு என்கிறாள். மார்கழியில் நீ வரும்போது நன்னாரி வேர் இங்கே ஊறிக்கொண்டிருக்கும். பாட்டில் மேல் தேதி எழுதி ஒட்டு.

அன்புடன்,
அப்பா