ஓவிய ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் சிறுவர் ஓவியப் போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை மறுமதிப்பீடு செய்யும் உரைத்தொடராகும். அதை முன்மொழிந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் என்றே அவரைப் போற்றி வருகிறோம். அந்தப் புகழே அவருடைய ஓவியங்களை மறைத்துவிட்டது என்பது என் துணிபு. 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். ராசிக்கட்டம் போன்ற சதுரங்களுக்கும் கணக்குக் குறிகளுக்கும் இடையே, மலையாள எழுத்தெனத் தோன்றி, படிக்க முனைந்ததும் நழுவிவிடும் பொடி வரிகள். “படிக்க முடியாததை ஏன் எழுத வேண்டும்?” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். மேற்கத்திய பாணியை விட்டு இந்தியத் தன்மையைத் தேடினார் என்ற வழக்கமான விடை அன்று எடுபடவில்லை; ஜாதகக் கட்டம் இருப்பதாலேயே ஒரு படம் இந்தியப் படமாகிவிடாது அல்லவா? பொருளை உதறிய எழுத்து வெறும் கோடாக நின்று பரப்பை ஆளும் விதத்தில்தான் அவருடைய ஆற்றல் இருக்கிறது. அதுவே சில படங்களில் வாய்பாடாகத் தேய்ந்திருப்பதையும் பதிவு செய்தோம். பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி வேலைப்பாடு) முதலான கைவினைப் பொருள்களை விற்றுத் திரட்டிய பணத்தில் கலைஞர்கள் பலர் கூடி எழுப்பிய கிராமத்தை அவர் ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுவதும் முறையன்று.

இவ்வுரைகளில் காலி நாற்காலிகளே மிகுதி. வராதவர்களே பின்னர் “ஒரே ஓவியருக்கு ஓராண்டா?” என்று கேட்டது வருத்தமளிக்கிறது. சோழமண்டலம் கிராமம் அமைந்துள்ள ஈஞ்சம்பாக்கத்துக்கான பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு அன்று காலை கைபேசியை அணைத்துவைத்தவர்களின் வாகனச் செலவையும் மன்றமே ஏற்றது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமே. சமமாகாத பகுதிக்குச் சந்தா நிலுவையே காரணம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. இடமளித்தவர்களுக்கும் திரைக்கருவி தந்துதவியவர்க்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு, பணிக்கரிடம் பயின்று 1969-இல் இளம் வயதிலேயே மறைந்த டி.கே. பத்மினியின் ஓவியங்களை எடுத்துக்கொள்ள விழைகிறேன். வேறு திட்டமுடைய உறுப்பினர் எவரேனும் இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ந்து விலகுவேன். இல்லையெனில், அரங்க முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், நிலுவைச் சந்தாவை இம்மாத இறுதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்