ஈயத் தகட்டை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய குடும்ப அறக்கட்டளையினருக்கும் பேராய அலுவலகத்தாருக்கும்,

வணக்கம். எங்கள் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டி நிற்கும் பிரபு வம்சத்துக் கல்லறை மண்டபத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். முன்கதை உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

போன சனிக்கிழமை கோயிலைக் கூட்டப் போனேன். முந்தின இரவெல்லாம் மழை. மண்டபக் கூரையும் கோயில் கூரையும் சேரும் இடத்தில் ஈயத் தகடு கிழிந்திருக்கிறதே, அந்த ஒழுக்கு இடம் மாறிவிட்டது. நாங்கள் வைத்திருந்த வாளியில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் நேராக, கல்லறை மேல் சிலையாகப் படுத்திருக்கும் அந்த அம்மாளின் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கழுத்தைச் சுற்றிக் கல்லில் செதுக்கிய துணி மடிப்புகள் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் என் பேத்தி அவற்றை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். இப்போது இடது பக்கம் எண்ண முடியாது, வழவழவென்று ஆகிவிட்டது. அது அலபாஸ்டர், அதாவது ஜிப்சம். தண்ணீரில் மெல்லக் கரையும். உள்ளே இருக்கும் இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்துப் பருத்தால் கல்லே வெடிக்கும். கரைந்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. தயவுசெய்து தகட்டை மாற்றுங்கள்.

நினைவுச் சின்னம் வாரிசுகளுக்குச் சொந்தம், அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்கிறது பேராயம், அதாவது திருச்சபை நிர்வாகம். அனுமதி தர வேண்டியது பேராயம் என்கிறது குடும்ப அறக்கட்டளை. இரண்டுமே சட்டப்படி சரி. ஆனால் இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் இன்னொரு குளிர்காலம் போய்விடும்.

இந்த வம்சத்தின் நிலத்தை உழுதவர்கள் வெளியே புல்லுக்கடியில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று உள்ளே வாளி தூக்குகிறார்கள், எழுபது வயதில். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சரி, அது வேறு பேச்சு.

வழி இல்லாமல் இல்லை. பெட்ஃபோர்ட்ஷயரில் ஃபிளிட்டன் கோயிலோடு சேர்ந்த டி கிரே குடும்பத்துக் கல்லறை மண்டபம், பழஞ்சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. 1740இல் இறந்த கென்ட் டியூக் அங்கே ரோமானிய உடையில் சிலையாகச் சாய்ந்திருப்பதை இன்றும் போய்ப் பார்க்கலாம். கவனிக்க ஆளில்லாத கல்லறை மண்டபங்களுக்காகவே 1997இல் ஒரு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. உங்களால் முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். நாங்கள் அவர்களிடம் போய் உதவி கேட்கிறோம்.

நவம்பருக்குள் தகட்டை மாற்றித் தர வேண்டும். அதுவரை மேலே தார்ப்பாய் விரிக்க இந்த வாரமே அனுமதி தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தார்ப்பாயை நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டும் ஒருத்தி