பெரியப்பாவுக்கு மால்டாவிலிருந்து ஒரு கடிதம்: தொட்டியில் மூழ்கும் போர்க்கப்பல்கள்

கல்காரா, மால்டா.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் பெரியம்மாவும் நலந்தானே? நான் செய்யும் வேலையைப் பற்றி விவரமாக எழுதும்படி நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், போனில் சொன்னால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை என்றும் அப்பா சொன்னார். காவேரிப்பட்டணத்தில் நான் 'சினிமாவில் கப்பல் ஓட்டுவதாக' ஒரு பேச்சு உலவுவதையும் தம்பி மூலம் அறிந்தேன். கப்பல் ஓட்டவில்லை, பெரியப்பா. படப்பிடிப்புக்கு அரங்கம் அமைக்கும் தச்சர் குழுவில் ஒருவனாக இருக்கிறேன். இந்தக் கோடையில், ஒரு தொலைக்காட்சித் தொடரின் போர்க் காட்சிக்காக நாசகாரி (டெஸ்ட்ராயர்) என்ற வகைப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரியைக் கட்டும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக ஆயுளைக் கழித்த உங்களுக்கு இதை எழுதுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்களுக்கு ஃபிரேம் என்றால் படச்சுருளில் உள்ள ஒரு தனிப் படம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களிடம் நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம்.

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். மால்டா முழுவதும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. வீடு, தேவாலயம், கோட்டை, மதில் எல்லாமே ஒரே மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஆங்கிலேயர் ஆண்ட நாடு என்பதால் வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. ஆங்கிலமும் ஆட்சி மொழி. இவர்களுடைய சொந்த மொழி காதுக்கு அரபு போல ஒலித்தாலும் எழுதுவது ஆங்கில எழுத்தில். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்றுகூட இங்கே கிடையாது. குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு கடல் நீரை உப்பு நீக்கி எடுப்பது. தென்பெண்ணைக் கரையில் பிறந்தவனுக்கு இது முதலில் விசித்திரமாக இருந்தது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன் நம் பக்கத்து ஊர்கள் பட்ட பாட்டை நினைத்தபோது விசித்திரம் போய்விட்டது. ராகி மாவு இந்தியக் கடையில் கிடைக்கிறது. கேரளத்துச் செவிலியர் ஏராளமாக இருப்பதால் அந்தக் கடைக்குக் குறைவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். கல்காரா கடற்கரையில், ரினெல்லா கோட்டைக்கு அருகில், 1964-இல் ஜிம் ஹோல் என்ற பிரிட்டிஷ் சிறப்புக் காட்சி நிபுணர் ஒரு பெரிய நீர்த்தொட்டியைக் கட்டினார். ஏறத்தாழ 300 அடிக்கு 400 அடி, ஆழம் அதிகமில்லை. தொட்டியின் பெருமை அளவில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. கடலைப் பார்த்த பக்கத்துச் சுவரின் விளிம்பு வரை நீரை நிரப்பி வழியவிட்டு, கேமராவை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துப் பார்த்தால், தொட்டி நீரும் அதற்கு அப்பால் உள்ள மத்தியதரைக் கடலும் ஒன்றாகிவிடும். எங்கே தொட்டி முடிந்தது, எங்கே கடல் தொடங்கியது என்று லென்ஸுக்குத் தெரியாது. அடிவானம் உண்மையானது, வெயில் உண்மையானது, மேகமும் உண்மையானது. கப்பல் மட்டும் பொய். இதில் ஒரு தொல்லையும் உண்டு. துறைமுகத்துக்கு வந்துபோகும் நிஜப் படகுகளும் கப்பல்களும் அதே அடிவானத்தில்தான் செல்கின்றன. 1942-இல் நடக்கும் சண்டைக்குப் பின்னால் இன்றைய பயணிகள் கப்பல் ஒன்று வெள்ளை வெளேரென்று நகர்ந்தால் என்ன செய்வது? அது கண்ணுக்கு மறையும் வரை அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முத்துத் துறைமுகத்தை (பேர்ல் ஹார்பர்) ஜப்பான் தாக்கிய கதையான 'தோரா! தோரா! தோரா!' படத்தைப் பெங்களூரு போய்ப் பார்த்துவிட்டு வந்து, அத்தனை கப்பலையும் எப்படி எரித்தார்கள் என்று நீங்கள் வியந்து பேசியது எனக்கு நினைவிருக்கிறது. 1970-இல் வந்த அந்தப் படத்துக்கு முழு அளவிலான கப்பல் அரங்கங்களும் போட்டார்கள். ஆனால் கடல் காட்சிகள் பலவற்றில் நீங்கள் பார்த்தவை மாதிரிக் கப்பல்கள்தான். ஒரு அடிக்கு முக்கால் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு என்ற அளவில் அவற்றைக் கட்டி, ஃபாக்ஸ் நிறுவனத்துக்குக் கலிஃபோர்னியாவின் மாலிபு பக்கம் இருந்த பண்ணையில், செர்சன் ஏரி என்று அழைக்கப்பட்ட செயற்கை நீர்நிலையில் மிதக்கவிட்டுப் படமெடுத்தார்கள். அந்த வேலைக்காக எல்.பி. அபாட், ஏ.டி. ஃப்ளவர்ஸ் இருவருக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது. பதினாறில் ஒரு பங்கு என்றாலும் பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள்: 225 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல் அந்தக் கணக்கில் 14 மீட்டர் வரும்; நம் வீட்டுத் தெருவில் நிறுத்தினால் இரண்டு மூன்று வீட்டு வாசல் அடைபடும்.

ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். கப்பலை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. இந்தத் தொழில் முழுவதுமே அந்த ஒரு முரண்டுடன் நடத்தும் பேரம்தான். ஒரு துளி நீர் தன் மேற்பரப்பு இழுவிசையால் உருண்டு திரள்கிறது. கப்பல் நிஜமோ மாதிரியோ, துளியின் அளவு மாறுவதில்லை. பதினாறில் ஒரு பங்குக் கப்பலின் முகப்பிலிருந்து அரை சென்டிமீட்டர்த் துளி தெறித்தால், திரையில் அது எட்டு சென்டிமீட்டர்த் துளியாகத் தெரியும். மாங்காய் மாங்காயாகத் தண்ணீர் தெறிக்கும் கடலை யார் நம்புவார்கள்? எங்கள் பட்டறையில் இதற்குச் செய்யும் வைத்தியம் பல. நீரின் இழுவிசை குறைய சோப்பு போன்ற கரைசலைக் கலக்கிறார்கள். அலை எழுப்பும் எந்திரத்தோடு பெரிய காற்றாடிகளையும் வைத்து மேற்பரப்பைக் கலைத்து நொய்ய அலைகளை உண்டாக்குகிறார்கள். கப்பலின் முகப்பில் மறைத்து வைத்த குழாய்களால் நீரைப் பீய்ச்சி நுரையாக உடைக்கிறார்கள். இவ்வளவு செய்தும், மாதிரி சிறிதாக இருந்தால் ஒன்றும் பலிக்காது.

அடுத்தது நேரம். இது உங்கள் துறை. பதினாறு மீட்டர் உயரக் கொடிமரத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பி விழுந்தால் தளத்தைத் தொட 1.8 விநாடி ஆகும். மாதிரியில் அதே கொடிமரம் ஒரு மீட்டர்; அங்கிருந்து விழ 0.45 விநாடிதான். புவியீர்ப்பு மாதிரிக்காகச் சலுகை காட்டுவதில்லை. ஆக, உயரம் பதினாறு மடங்கு குறைந்தால் நேரம் நான்கு மடங்கு குறைகிறது. பதினாறின் வர்க்கமூலம் நான்கு. அலைக்கும் இதே கணக்குத்தான். ஆகவே 24 ஃபிரேமுக்குப் பதிலாக விநாடிக்கு 96 ஃபிரேம் எடுத்து, நீங்கள் ஓட்டியது போல் 24-இல் ஓட்டினால், எல்லாம் நான்கு மடங்கு மெதுவாகிவிடும்; அலை கனமாகப் புரளும், புகை மெல்ல எழும், கப்பலுக்கு ஆயிரக்கணக்கான டன் எடை வந்துவிடும். பெரிய மாதிரி வேகமாகவும் ஓட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது: நிஜத்தில் மணிக்கு 56 கிலோமீட்டர் போகும் கப்பலின் மாதிரியைத் தொட்டியில் 14 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கிறோம். இந்த விதியை வகுத்தவர் சினிமாக்காரர் அல்லர். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கப்பல் வடிவங்களைச் சோதிப்பதற்காக 1872-இல் டார்க்வே நகரில் தொட்டி கட்டி மாதிரிகளை இழுத்துப் பார்த்தவர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் அத்தகைய இழுவைத் தொட்டி இருக்கிறது.

96 ஃபிரேமின் விலை என்ன என்பதை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். 35 எம்.எம். படச்சுருள் 24 ஃபிரேமில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 96-இல் 360 அடி. நீங்கள் பதினோரு நிமிடம் ஓட்டிய ஆயிரம் அடி ரீல் கேமராவுக்குள் மூன்று நிமிடம்கூட நிற்காது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சமும் கால் பங்காகிவிடும். அதோடு, அருகிலிருக்கும் மாதிரி முழுவதும் தெளிவாகத் தெரிய லென்ஸின் துளையையும் சுருக்க வேண்டும். இவ்வளவு வெளிச்சத்தை விளக்குகளால் கொடுத்து மாளாது. வெயில் கொட்டும் மால்டாவில் திறந்தவெளித் தொட்டியைக் கட்டியதன் சூட்சுமம் எனக்கு இங்கு வந்த பிறகுதான் புரிந்தது. இப்போது டிஜிட்டல் கேமரா என்பதால் ரீல் கவலை இல்லை. வெயில் கவலை அப்படியே இருக்கிறது.

நாங்கள் கட்டிய நாசகாரி ஏழு மீட்டர். பிளைவுட் விலா எலும்புகள், மேலே ஃபைபர் கிளாஸ் தோல், நீர்மட்டம் சரியான கோட்டில் நிற்பதற்காக அடிவயிற்றில் ஈயக் கட்டிகள். தளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பிகள் என் பங்கு. நிஜத்தில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர்க் குழாய், மாதிரியில் இரண்டு மில்லிமீட்டர்ப் பித்தளைக் கம்பி. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கிடையாது. ஒவ்வொரு மூட்டிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, வழிந்ததை அரத்தால் சீவி எடுக்க வேண்டும்; ஒரு பொட்டு ஈயம் கூடினாலும் திரையில் குழாயில் கட்டி வந்தது போலத் தெரியும். பெயிண்ட் அடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெயிண்டர் வந்து, நங்கூரத் துளையிலிருந்து துருக் கோடு இறங்குவது போலவும், புகைபோக்கியின் பின்புறம் கரி படிந்தது போலவும் இரண்டு நாள் அழுக்காக்கினார். சுத்தமான கப்பலைத்தான் கண் முதலில் சந்தேகிக்கும். குண்டு விழும் இடத்தில் மட்டும் தளத்தை மெல்லிய ஈயத் தகட்டால் செய்தோம். வெடிக்கும்போது அது நிஜ இரும்பைப் போல மடிந்து கிழிகிறது, மரமாக இருந்தால் சிம்பு சிம்பாகப் பறந்து காட்டிக்கொடுத்துவிடும். நீருக்கடியில் உள்ள சட்டத்தில் கப்பலைப் பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் எந்திரத்தால் கீழே இழுத்தார்கள். திரையில் பத்து விநாடி மூழ்கும் காட்சி தொட்டியில் இரண்டரை விநாடியில் முடிந்துவிட்டது. முப்பது பேர் மாதக்கணக்கில் உழைத்ததை நான் இமைத்த நேரத்தில் தவறவிட்டிருப்பேன்.

இந்தக் கலை சினிமாவின் வயதுடையது. 1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் நடந்தபோது, ஆல்பர்ட் ஸ்மித், ஸ்டூவர்ட் பிளாக்டன் என்ற இருவர் நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே கியூபாவின் சாண்டியாகோ விரிகுடாப் போரைப் படமெடுத்தார்கள். தெருவில் விற்ற போர்க்கப்பல் புகைப்படங்களை வெட்டி, ஓர் அங்குல ஆழத் தண்ணீரில் நிறுத்தி, சிட்டிகை வெடிமருந்தைக் கொளுத்தி, பிளாக்டனின் மனைவி சிகரெட் புகையை ஊதிவிட்டதாக ஸ்மித்தே பின்னாளில் எழுதினார். ஜப்பானில் டோஹோ நிறுவனத்தின் எய்ஜி சுபுராயா 1942 டிசம்பரில் வெளிவந்த போர்ப் படத்துக்காக முத்துத் துறைமுகத்தையே மாதிரியாகக் கட்டினார். அந்த நிறுவனம் 1960-இல் இதற்கென்றே பெரிய குளம் ஒன்றைக் கட்டியது. அவ்வாண்டு எடுத்த காட்சிகளை 1976-இல் ஹாலிவுட்டின் 'மிட்வே' படத்திலும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் வளாகத்தில் உள்ள ஆழமான தொட்டியின் கதையைச் சொல்லாவிட்டால் பெரியம்மா கோபித்துக்கொள்வார், அவருக்கு டைட்டானிக் பிடிக்கும் அல்லவா. மூழ்கிய அக்கப்பலைத் தூக்குவதாக 1980-இல் வந்த படத்துக்கு 55 அடி நீள மாதிரியைக் கட்டிவிட்டுப் பார்த்தால், அதை அமிழ்த்த இருக்கும் தொட்டி போதவில்லை. அதற்காகவே 1979-இல் புதிய தொட்டி கட்டினார்கள். அட்லாண்டிக்கின் நீர்மட்டத்தை இறக்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று தயாரிப்பாளர் லூ கிரேட் நொந்துகொண்டாராம்.

இங்கே எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. தொட்டிக்கு அருகிலேயே இருக்கும் பெரிய துறைமுகத்தில் இரண்டாம் உலகப் போரின்போது நிஜப் போர் நடந்தது. 1942 ஆகஸ்டில் பட்டினியின் விளிம்பில் இருந்த இத்தீவுக்கு 14 சரக்குக் கப்பல்கள் புறப்பட்டு ஐந்துதான் வந்து சேர்ந்தன. எண்ணெய் சுமந்த 'ஒஹையோ' சிதைந்த நிலையில், இருபுறமும் நாசகாரிகள் தாங்கிப் பிடிக்க, 15-ஆம் தேதி உள்ளே நுழைந்தது. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் தாயார் அக்காலத்தில் பாறைக்குள் குடைந்த பதுங்கறையில் இருந்தவர். மாதிரிக் கப்பலில் மனிதர்கள் இருப்பதில்லை என்பதுதான் இத்தொழிலின் ஆறாத குறை என்று எனக்குத் தோன்றுகிறது. அலையையும் தீயையும் ஏமாற்றி நம்ப வைக்கலாம். தளத்தில் ஓடும் மாலுமியை ஆறு சென்டிமீட்டர்க் கம்பிக்குப் பின்னால் வைக்க முடியாது. அவரை வேறு அரங்கத்தில் தனியே படமெடுத்துத்தான் ஒட்டுகிறார்கள்.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வந்த பிறகு இது மிச்சம் இருக்குமா என்று அப்பா கவலைப்பட்டார். பெரும்பாலும் போய்விட்டது என்பதே உண்மை. எங்கள் தொடரிலும் தொலைவில் தெரியும் கப்பல்கள் கம்ப்யூட்டரில் செய்தவை. கிழிவதும் எரிவதும் மூழ்குவதும் மட்டும் தொட்டியில். எனக்கு முதன்மையான பிழைப்பு அரங்கத் தச்சுதான், அதற்குப் பஞ்சமில்லை. மூழ்கிய நாசகாரியை வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். முன்பாதி பிழைத்துக்கொண்டது. இயக்குநர் வேறு கோணத்தில் இன்னொரு வெடிப்பு கேட்பதால், குளிர்காலக் காற்று தொடங்குவதற்குள் பின்பாதியை மறுபடி கட்ட வேண்டும். நாளை காலை முதல் எனக்குக் கைப்பிடிக் கம்பி வேலைதான். ரீல், ஃபிரேம் கணக்கில் நான் எழுதியதில் ஏதேனும் சந்தேகம் இருந்தால் தம்பியிடம் சொல்லி எழுதியனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
முருகேசன்