தம்பிக்கு, வைஃபை விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை, உன் லேப்டாப் விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

ஆன்லைன் ஆட்டத்தின் நடுவில் நீ திடீரென்று காணாமல் போய்விடுகிறாயாம். "மாமாவுக்கு வைஃபை கட் ஆகுது தாத்தா, ஒரு நிமிஷம் கழிச்சு வர்றாங்க, அதுக்குள்ள தோத்துடுறோம்" என்று அக்கா மகன் புலம்புகிறான். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கும் அப்படித்தானாம். அவனுக்குப் பள்ளி லீவு. சரி, அதை விடு.

முதலில் டிவைஸ் மேனேஜரைத் திற. நெட்வொர்க் அடாப்டர்ஸில் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் பவர் மேனேஜ்மென்ட் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியைக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடு. சில லேப்டாப்பில் அந்தப் பக்கமே இருக்காது. இருந்தால் மறக்காமல் எடு.

அதற்கும் கேட்கவில்லை என்றால் கோளாறு எந்தப் பக்கம் என்று பார். டெலிபோன் டெட் ஆனால் நாங்கள் கம்பத்துப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம், அங்கே டோன் இருந்தால் கோளாறு வீட்டுப் பக்கம். உனக்கும் அதே வழிதான். ரவுட்டர் முகவரிக்கு நிற்காமல் பிங் ஓடவிட்டு, அதாவது அது பதில் தருகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டே, விளையாடு. கட் ஆகும் நேரத்தில் ரவுட்டரே பதில் தரவில்லை என்றால் வைஃபையிலோ அடாப்டரிலோ கோளாறு. ரவுட்டர் பதில் தந்துகொண்டே இருந்து ஆட்டம் மட்டும் அறுந்தால் கோளாறு வெளிப் பக்கம். அப்புறம் லேப்டாப்பைக் குடைவது வீண்.

உன் அபார்ட்மென்டில் வீட்டுக்கு ஒரு ரவுட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றுதான், வழக்கமாக 1, 6, 11. புளூடூத் ஹெட்செட்டும் அங்கேதான் பேசும். யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்தால் அதன் இரைச்சலும் அங்கேதான் விழும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறு. அதிலும் 36 முதல் 48 வரை உள்ள சானலாகப் பார்த்து வை. 52 முதல் 144 வரை ரேடாருக்கும் பொதுவான இடம். ரேடார் தென்பட்டால் ரவுட்டர் உடனே இடம் மாற வேண்டும், மறுபடி அப்படி ஒரு சானலில் உட்காருமுன் ரேடார் இருக்கிறதா என்று 60 வினாடி காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ஒரு நிமிஷம் என்று பிள்ளை சொன்னதும் எனக்கு இதுதான் தோன்றியது.

எப்போதிலிருந்து இப்படி? விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு என்றால் அடாப்டரை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளுக்கே திரும்பிவிடலாம். தீபாவளிக்கு வந்தபோதே இருந்ததா? அப்போதே சொல்லியிருக்கலாமே.

பிளஸ் டூ படிக்கும்போதே மாடி அறைக்குத் தனியாகக் கேபிள் இழுத்து முனை கிரிம்ப் பண்ணியவன் நீ. எட்டுக் கம்பியின் நிற வரிசையையும் பார்க்காமலே சொல்வாய். என் ஆபீஸில் அதைச் சொல்லி நான் பெருமைப்படாத நாள் கிடையாது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டிருக்கிறாயே, அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று அம்மா கேட்கும்போதெல்லாம் போனும் கட் ஆகிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் விளையாடுகிறாயாமே, எப்போது தூங்குகிறாய்? என்ன சாப்பிடுகிறாய்?

அந்த டிக்கை எடுத்துவிடு, முதலில் அதைச் செய். பத்து மீட்டர் கேட் 6 கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன். ரவுட்டரிலிருந்து நேராகச் செருகிவிட்டால் வைஃபை தொல்லையே இல்லை. லேப்டாப்பில் அந்தக் கேபிளைச் செருகும் லேன் போர்ட் இல்லை என்றால் சொல், யுஎஸ்பியில் மாட்டுகிற அடாப்டரும் சேர்த்து அனுப்புகிறேன். இதற்கெல்லாம் பணம் போடாதே. இந்த மாசம் வீட்டுக்கும் போட வேண்டாம், பென்ஷன் வந்துவிட்டது, எங்களுக்கு அதுவே தாராளம்.

கூரியர்க்காரர் பகலில்தான் வருவார். ஆபீஸ் முகவரி போடட்டுமா, வீட்டு முகவரியா? எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான் தம்பி, சொல்லிவிட்டால் போதும்.

அன்புடன்,
அப்பா