கப்பலுக்கு முன் தளத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்கப்பல் டெண்டர் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'குறைந்த விலை கேட்ட நிறுவனத்துக்கு ஆர்டர்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்த நிறுவனத்தால் கப்பலைக் கட்டி முடிக்க முடியுமா என்பதையும் நாளிதழ்கள் விசாரித்து எழுத வேண்டும்.

போட்டியிடும் கப்பல் கட்டும் தளங்கள் தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனியாகத் தருகின்றன. தொழில்நுட்பத்தில் தேறியவர்களின் விலையைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். அதில் குறைந்த விலை சொன்னவர் 'எல்-1'. முறையில் குறையில்லை. ஆனால் 2011இல் குஜராத்தின் பிபாவாவ் தளத்திடம் ஐந்து ரோந்துக் கப்பல்கள் கட்டக் கொடுத்தார்களே, என்ன ஆயிற்று? தளம் கைமாறியது, கடனில் மூழ்கியது. 2017இல் இரண்டு கப்பல்களைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒன்றுகூடக் கடற்படையிடம் வந்து சேரவில்லை. தளம் பிணையாகக் கொடுத்திருந்த வங்கி உத்தரவாதத் தொகையைக் கடற்படை எடுத்துக்கொண்டது, 2020இல் ஒப்பந்தமும் ரத்தானது. பணம் ஓரளவு திரும்பலாம், போன ஒன்பது ஆண்டுகள் திரும்புமா?

எங்கள் கடலூர் முதுநகரில் படகு கட்டக் கொடுப்பவர்கள், ஏரா (படகின் அடிக்கட்டை) வைத்ததும் கொஞ்சம், பலகை அடித்ததும் கொஞ்சம், எஞ்சின் இறக்கும்போது மீதி என்றுதான் பணம் தருவார்கள். அதற்கும் முன்னால், மேஸ்திரியிடம் ஏற்கெனவே எத்தனை படகு பாதியில் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிடுவார்கள். கடற்படையும் கட்டம் கட்டமாகத்தான் பணம் தருகிறது. அதோடு, தளத்தின் கடன் நிலையையும் கையில் முடியாமல் இருக்கும் வேலைகளையும் டெண்டரின்போது மட்டுமல்லாமல், கட்டி முடிக்கும்வரை ஆண்டுதோறும் தணிக்கை செய்து வெளியிட வேண்டும்.

ஆர்டரைப் பிரித்துக் கொடுப்பதும் நல்ல வழி. 2019இல் ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் 16 கப்பல்களை கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் கட்டும் தளத்துக்கும் கொச்சி தளத்துக்கும் எட்டெட்டாகப் பிரித்தார்கள். ஒரு தளம் தடுமாறினாலும் மற்றது கைகொடுக்கும். கொல்கத்தா தளம் தன் பங்கில் நான்கை நம் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளத்திடம் கட்டக் கொடுத்தது. அங்கே உருவான ஐ.என்.எஸ். அர்னாலா 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் கட்டிய கப்பல் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அடுத்த டெண்டர் செய்தியில் விலையோடு, வென்ற தளம் இதற்கு முன் எத்தனை கப்பலைச் சொன்ன தேதியில் கொடுத்தது என்பதையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.