ஸ்பெக்ட்ரம் எமுலேட்டருக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய கணினியைப் போலவே இன்றைய கணினிகளில் நடந்துகொள்ளும் நிரலான எமுலேட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டுவிட்டேன். விண்டோஸ், லினக்ஸ், மேக், ராஸ்பெர்ரி பை எல்லாவற்றிலும் ஒரே மூல நிரல்தான் ஓடுகிறது. நிரலை எழுதியது நான். ஆனால் அது அசல் இயந்திரம் போலவே நடந்துகொள்கிறது என்றால், அந்தப் பெருமை அளந்து சொன்ன உங்களையே சேரும்.

1982-இல் பிரிட்டனின் சின்க்ளேர் ரிசர்ச் வெளியிட்ட இந்தக் கணினியின் உள்ளமைப்பு எளிமையானதுதான்: 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80ஏ புராசஸர், 16 கேபி ரோம், 16 அல்லது 48 கேபி ரேம். இசட்80 கட்டளைகளைச் சி மொழியில் எழுதி முடித்தாலே பேசிக் மொழியின் தொடக்கத் திரை வந்து நிற்கும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

திரையை வரையும் யூஎல்ஏ சிப்பும் புராசஸரும் கீழ் 16 கேபி ரேமைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. யூஎல்ஏ திரைக்கான பைட்டைப் படிக்கும் நேரத்தில் புராசஸரும் அந்தப் பக்கம் வந்தால், யூஎல்ஏ புராசஸரின் கடிகாரத்தையே நிறுத்திவைக்கும். காத்திருக்கும் டி-ஸ்டேட்டுகள், அதாவது புராசஸர் கடிகாரத்தின் துடிப்புகள், 6, 5, 4, 3, 2, 1, 0, 0 என்று சுழலும். திரையை ஒருமுறை வரைந்து முடிக்கும் ஒரு ஃபிரேமுக்கு மொத்தம் 69,888 டி-ஸ்டேட். இதில் ஒன்று பிசகினாலும் திரையின் ஓரத்தில் வரும் வண்ணப் பட்டைகள் இடம் மாறிவிடும். ஒரு டி-ஸ்டேட்டுக்குள் இரண்டு பிக்சல் கடந்துபோய்விடுமே!

இதைச் சரிபார்க்க அசல் ஸ்பெக்ட்ரம் தேவைப்பட்டது. தன்னுடையதைத் திறக்க ஒரு நண்பர் முன்வந்தார். விசைப்பலகைக்குள் இருக்கும் சவ்வின் பட்டைநாடா பழசானால் தொட்டதும் ஒடியும் என்று தெரிந்தும் திறந்தார். நான் அனுப்பிய சோதனை நிரல்களை அதில் ஓட்டி, தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து அனுப்பினார். நீலப் பட்டை எந்த எழுத்துக்கட்டத்துக்கு நேராகத் தொடங்குகிறது என்று படத்திலேயே கோடு போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் படங்களை எமுலேட்டர் திரைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நேரக்கணக்கு முழுவதையும் சரிசெய்தேன். ஐயா, உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லி மாளாது.

எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே வற்புறுத்திய தோழிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இசட்80-க்குள் எண்களை வைத்திருக்கும் எச், எல் என்ற இரண்டு 8-பிட் ரெஜிஸ்டர்கள் சேர்ந்தால் 16-பிட் எச்எல். அதை, ஒரே நினைவிடத்தை இரண்டு விதமாகப் பார்க்கவிடும் சி மொழியின் யூனியன் வைத்து எழுதுவது சுலபம். ஆனால் பைட் வரிசை தலைகீழாக இருக்கும் புராசஸரில் இரண்டும் இடம் மாறிப்போகும். எல்லாவற்றையும் பிட்டுகளை நகர்த்தி, அதாவது ஷிஃப்ட் செய்தே சேர்க்கச் சொன்னார். திரை, ஒலி, விசைப்பலகைப் பகுதிகளை மையத்திலிருந்து பிரித்துவைக்கச் சொன்னதும் அவர்தான். பழைய பவர்பிசி மேக்கில் அவர் கம்பைல் செய்தபோது ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்பெக்ட்ரம் நிரல்கள் பதிந்த பழைய கேசட்டுகளைத் தேடியெடுத்துப் பதிவுசெய்து அனுப்பியவர்களுக்கும் நன்றி. ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு ஒலித் துடிப்புகள்; 0 பிட் என்றால் துடிப்பு ஒவ்வொன்றும் 855 டி-ஸ்டேட், 1 பிட் என்றால் 1,710 என்பது ரோம் சொல்லும் கணக்கு. இழுபட்ட நாடா அந்தக் கணக்குக்கு அடங்காது என்பதை உங்கள் ஒலிக்கோப்புகள்தான் காட்டின. அவற்றால்தான் எமுலேட்டர் இன்று மோசமான பதிவையும் படிக்கிறது.

நேரில் அறியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ரோமைப் பிரித்து வரிக்கு வரி விளக்கிய இயன் லோகன், ஃபிராங்க் ஓ'ஹாரா. யூஎல்ஏவின் உட்புறத்தை ஆராய்ந்து எழுதிய கிறிஸ் ஸ்மித். கணக்கின் விளைவைக் குறித்துவைக்கும் ஃபிளாக் பிட்டுகளில் கையேட்டில் இல்லாதவற்றையும் சோதிக்கும் நிரலைத் தந்த ஃபிராங்க் கிரிங்கிள். 1986-இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், ரோமை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்கலாம் என்று 1999-இல் தன் ஊழியர் கிளிஃப் லாசன் வழியாக அனுமதி அளித்தது. பதிப்புரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நிரலோடு வரும் கோப்பில் எழுதியிருக்கிறேன். அந்த அனுமதி மட்டும் இல்லாவிட்டால், பயனர் ஒவ்வொருவரும் ரோமைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது ஸ்பெக்ட்ரம் 128 மாடல். ரேமின் பகுதிகளை மாற்றி மாற்றி இணைக்கும் மெமரி பேங்க் மாற்றமும் ஏஒய் ஒலிச் சிப்பும் பாதி எழுதியாகிவிட்டன. அதில் ஒரு ஃபிரேமுக்கு 70,908 டி-ஸ்டேட் என்பதால் நேரக்கணக்கை முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஓடும் நிலையில் 128 வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், சோதனை நிரல்களை அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்